கீழ்த்தாடையில் பல் இம்பிளான்ட் பொருத்திய பின் உதடு மரத்திருந்தால்

கீழ்த்தாடையில் இம்பிளான்ட் பொருத்தப்பட்ட அன்று கீழுதடும் மோவாயும் மரத்திருப்பது மரப்பு ஊசியின் விளைவாகும். பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும்; செலுத்தப்பட்ட மருந்தைப் பொறுத்துச் சிலருக்குக் கூடுதல் நேரம் ஆகலாம். எத்தனை மணிக்குள் மரப்பு நீங்கும் என்பதை வீட்டிற்குப் புறப்படும் முன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அந்த நேரம் கடந்தும் உணர்வு திரும்பவில்லையெனில், தையல் பிரிக்கும் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவிப்பது அவசியம்.

இந்த அவசரத்திற்குக் காரணம் உண்டு. கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு குழாய் போன்ற பாதையில் உணர்வு நரம்பு ஒன்று செல்கிறது. முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே உள்ள சிறு துளை வழியாக வெளிவந்து, அது கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்வளிக்கிறது. பற்களை இழந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு எலும்பு தேய்ந்து, இந்நரம்பு மேற்பரப்பிற்கு மிக அருகில் வந்திருக்கும். துளையிடும் கருவியோ, இம்பிளான்ட்டின் முனையோ, கசிந்து தேங்கிய இரத்தமோ நரம்பை அழுத்தக்கூடும். இம்பிளான்ட்டே அழுத்துகிறது என்பது ஸ்கேனில் தெரிந்தால், அதனை அகற்றுவதால் கிடைக்கும் பலன் முதல் ஒன்றரை நாளுக்குள் மிகுதி. எலும்பு அதனைப் பற்றிக்கொண்ட பிறகு அகற்றினால் நரம்பு மீளும் வாய்ப்புக் குறைவு.

முகம் கோணிவிடுமோ எனப் பலர் அஞ்சுகின்றனர். உதட்டை அசைப்பது வேறொரு நரம்பு. வீங்கியது போலத் தோன்றினாலும் கண்ணாடியில் உதடு இயல்பாகவே அசையும். மாறாக, வாய் ஒருபுறம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனடியாக அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும்.

லேசாக அழுந்திய நரம்பு சில வாரங்களில் தேறிவிடும். உள்ளிழைகள் அறுபட்டிருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும் என்பதால், குணமடைய மாதங்கள் ஆகலாம். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, அரிப்பு, ஊசி குத்தல் ஆகியவை பெரும்பாலும் நரம்பு விழித்துக்கொள்வதன் அறிகுறிகளே. 3 மாதங்கள் ஆகியும் மாற்றம் சிறிதுமில்லை எனில் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

குணமடைவதை வீட்டிலேயே கண்காணிக்கலாம். நோயாளி கண்களை மூடியிருக்க, பராமரிப்பவர் பஞ்சுத் திரியால் உணர்வுள்ள கன்னப் பகுதியிலிருந்து மோவாயை நோக்கி மெல்லத் தொட்டுவர வேண்டும். உணர்வு மங்கும் இடங்களில் பேனாவால் புள்ளியிட்டு, தேதியுடன் படம் எடுத்து வைக்கவும். வாரம் ஒருமுறை போதும். நாள்தோறும் சோதிப்பது மனச்சோர்வையே தரும். புள்ளிகளுக்குள் அடங்கும் பரப்புச் சுருங்கி வருகிறதா என்பதே மருத்துவருக்கும் பயனுள்ள செய்தி.

மரத்த உதடு சூட்டை அறியாது. தேநீர், ரசம் போன்றவற்றை ஆறவைத்தே அருந்த வேண்டும். உணவை மறுபக்கம் மெல்லவும். முகச்சவரத்தில் கூடுதல் கவனம் தேவை. மோவாயில் உணவு ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியாது என்பதால், பிறர் முன்னிலையில் சொல்லாமல் சிறு சைகையால் உணர்த்துவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரைகள் மட்டும் தரப்பட்டு, சில மாதங்கள் பொறுத்திருக்குமாறு கூறப்பட்டால், இம்பிளான்ட் நரம்பை அழுத்துகிறதா என முப்பரிமாண ஸ்கேனில் பார்க்கப்பட்டதா எனக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

எரிச்சலும், காற்றுப் பட்டாலே மின்சாரம் பாய்வது போன்ற வலியும் மரத்துப்போதலினும் துன்பமானவை. சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இவை தூக்கக் கலக்கத்தைத் தரக்கூடியவை. தாமாக வாங்கி உட்கொள்வதும் திடீரென நிறுத்துவதும் கூடாது.