தங்கத்துக்கும் வாடகை உண்டு!

தங்கம் வாங்குவது ஒரு செலவு. அதை வைத்துக் காப்பது இன்னொரு செலவு. அமெரிக்காவில் முதுமைக் காலத்துக்கென்று தங்கம் சேர்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது செலவுதான் பெரிய தலைவலி!

அந்த நாட்டில் 'ஐ.ஆர்.ஏ.' என்று ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 1974-ம் ஆண்டுச் சட்டத்தினால் வந்தது. உழைக்கும் காலத்தில் இதில் பணம் போட்டு வந்தால் வரிச் சலுகை கிடைக்கும். 59½ வயதுக்கு முன்னால் பணத்தை எடுத்தால், வரியோடு பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் உண்டு.

இந்தக் கணக்கில் சிலர் தங்கமும் வெள்ளியும் வாங்கி வைக்கிறார்கள். நகைகளைச் சேர்க்க முடியாது. தங்கக் கட்டி என்றால் ஆயிரத்துக்கு 995 பங்கு சுத்தம் வேண்டும். வெள்ளிக்கு 999. அமெரிக்க அரசாங்கத்தின் 'ஈகிள்' பொற்காசு 22 காரட்தான். ஆனாலும் அதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

வீட்டில் வைத்த தம்பதி

"என் தங்கம் என் வீட்டிலேயே இருக்கட்டுமே!" என்று கேட்கலாம். ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு தம்பதி அப்படித்தான் செய்தார்கள். மனைவியின் கணக்குப் பணத்தில், ஒரு கம்பெனி பெயரில் 'ஈகிள்' காசுகளை வாங்கினார்கள். வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். வழக்கு வரி நீதிமன்றத்துக்குப் போயிற்று. "காசு கைக்கு வந்துவிட்டது, ஆகவே பணத்தை எடுத்ததாகவே பொருள். வரி கட்டவேண்டும்" என்று 2021-ல் தீர்ப்பாயிற்று.

ஆகவே, ஒரு பாங்கியோ, வரி இலாகா அங்கீகரித்த நிறுவனமோ பொறுப்பாளராக இருந்தே தீரவேண்டும். தங்கம் காவலுள்ள கிடங்கில் இருக்கும். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் இப்படி ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது.

எது மலிவு?

கணக்குத் தொடங்க ஒரு கட்டணம். ஆண்டுதோறும் பொறுப்பாளருக்கு ஒரு கட்டணம். கிடங்குக்கு வாடகை. இதிலும் இரண்டு தினுசு. உங்கள் காசைத் தனியாக வைத்தால் வாடகை கூடுதல். மற்றவர் காசோடு கலந்து வைத்தால் குறைவு. திரும்பும்போது அதே காசு வராது. அதே வகைக் காசு வரும்.

சில இடங்களில் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வேறு சில இடங்களில் மதிப்புக்கு ஏற்ற சதவீதம். எது மலிவு? சேமிப்பின் அளவைப் பொறுத்தது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரிடத்தில் வருடம் 200 டாலர். மற்றோரிடத்தில் அரை சதவீதம். 10,000 டாலர் தங்கம் வைத்திருப்பவருக்கு அரை சதவீதம் என்பது 50 டாலர்தான். 40,000 டாலர் என்றால் இரண்டும் சமம். ஒரு லட்சம் டாலர் வைத்திருப்பவர் அரை சதவீதத்துக்குப் போனால் 500 டாலர் அழவேண்டும்!

சிறிய சேமிப்புக்காரர் 200 டாலர் இடத்துக்குப் போனால்? இருபது வருடத்தில் 4,000 டாலர் போய்விடும். அவர் போட்ட முதலில் ஐந்தில் இரண்டு பங்கு! தங்கம் வட்டியும் தராது. கணக்கில் ரொக்கம் இல்லாவிட்டால் தங்கத்தை விற்றுத்தான் வாடகை கட்டவேண்டும். கைப்பணத்திலிருந்து தனியாகவும் கட்டலாம். அது பெரிதும் நல்லது.

"முதல் வருடம் கட்டணமே இல்லை!" என்று சில வியாபாரிகள் விளம்பரம் செய்வார்கள். அதைக் காசின் விலையில் ஏற்றிவிடுவதும் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், சில சமயம் பல வருட வாடகையை விழுங்கிவிடும். விலை நியாயமா என்று பொறுப்பாளர் பார்த்துச் சொல்லமாட்டார். அது அவர் வேலை அல்ல.

கணக்கை மூடும்போதும் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. சேருவதற்கு முன்பே கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்கி, கடைசிப் பக்கம்வரை படிக்கவேண்டும்.

1951 முதல் 1959 வரை பிறந்தவர்கள், 73 வயதிலிருந்து வருடந்தோறும் ஒரு பகுதியை எடுத்தே ஆகவேண்டும். பணமாக எடுக்கலாம், காசாகவும் எடுக்கலாம். காசாகக் கேட்டால் அனுப்புகூலியும் இன்ஷூரன்சும் பெரும்பாலும் அவர் தலையில்தான்!