பழைய லீவர் துப்பாக்கிக்கு ஸ்கோப் மவுண்ட் தேடுவது எப்படி: சில குறிப்புகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் பல குடும்பங்களில் தாத்தா காலத்து லீவர் துப்பாக்கி ஒன்று இருக்கும். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் காலிக்கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே போகும். பழைய கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்களே, அதேதான். பேரனுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் இரும்புக் குறி மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு ஸ்கோப் மாட்டினால் தீர்ந்தது என்று நினைக்கிறார். ஸ்கோப் எங்கேயும் கிடைக்கும். அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்ட்தான் கிடைக்காது.

என்கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்காக இந்தத் தேடலை ஆரம்பிச்சேன். படிச்சதையும் அளந்து பார்த்ததையும் இங்கே தொகுத்து வைக்கிறேன். சுருக்கமா சொன்னா இதுதான்: முதலில் துப்பாக்கியை அளக்கணும், அப்புறம்தான் மவுண்ட் தேடணும். தப்பான மவுண்டைத் திருப்பி அனுப்பிடலாம். துப்பாக்கியில் போட்ட துளையை இல்லாம ஆக்க முடியாது.

எந்தத் துப்பாக்கி?

வேட்டைக்காரர்களிடம் அதிகம் இருப்பவை மூன்று வகை. ஒவ்வொன்றின் சிக்கலும் வேறு.

வின்செஸ்டர் 94, ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. காலிக்கூட்டை நேராக மேலே வீசும். ரிசீவருக்கு நேர் மேலே ஸ்கோப் வைத்தால் கூடு அதில் முட்டும். 1980-களின் தொடக்கத்தில்தான் கூட்டைச் சாய்வாகப் பக்கவாட்டில் வீசும்படி கம்பெனியே மாற்றியது. அதற்கு முந்தைய துப்பாக்கிக்கு ஸ்கோப்பை இடது பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும் பக்க மவுண்ட் வேண்டும். இல்லையென்றால் குழலின் மேல் முன்தள்ளி வைக்கும், தூரத்திலிருந்து பார்க்கும் வகை ஸ்கோப் வேண்டும்.

மார்லின் 336, 1948-இல் வந்தது. கூடு பக்கவாட்டில் விழும், மேல்பக்கம் மூடியிருக்கும். ஸ்கோப்புக்கு ஏற்ற உடம்பு. ஆனால் 1950-களின் நடுப்பகுதிக்கு முன் வந்தவற்றில் மேலே மவுண்டுக்கான துளைகள் இருக்காது.

சாவேஜ் 99-லும் கூடு பக்கவாட்டில்தான் விழும். வெளியே சுத்தியல் கிடையாது. கம்பெனியே துளை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது 1950 வாக்கில். அதற்கு முந்தைய துப்பாக்கியில் மேலே துளை இருந்தால், பின்னாளில் யாரோ போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதையெல்லாம் அளக்கணும்?

தோட்டா அறையும் மேகசினும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகுதான் வெர்னியரைக் கையில் எடுக்கணும்.

ஒன்று, துளைகளின் இடைவெளி. இரண்டு துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் வந்துவிடும். கம்பெனி போட்ட துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஓர் இரும்பு அளவுகோலை ஒட்டி வைத்துப் பார்த்தாலே, பட்டறையில் கைப்போக்கில் போட்ட துளை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு, மரை. இந்த வேலையில் நெடுங்காலமாகப் புழங்கும் திருகு 6-48. விட்டம் 0.138 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 48 மரை. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகை முடுக்கினால் மரை தின்றுபோகும்.

மூன்று, ஸ்கோப்பின் குழாய். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய வேட்டை ஸ்கோப்பில் பரவலான அளவு 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். ஆனால் லைமன் கம்பெனியின் அலாஸ்கன் ஸ்கோப் 7/8 அங்குலம். வீவரின் பழைய 330 முக்கால் அங்குலம். அந்தக் கால மவுண்டின் வளையங்களும் அந்த அளவில்தான் இருக்கும். பெரிய வளையத்தில் சின்னக் குழாயை நடுவில் உறை வைத்துப் பிடிக்கலாம். சின்ன வளையத்தைக் கடைந்து பெரிசாக்கினால் அதன் சுவர் மெலிந்து பலம் போய்விடும்.

எங்கே, எப்படித் தேடுவது?

துப்பாக்கிக் கண்காட்சிகளின் தகரப்பெட்டிகள், ஏலத் தளங்கள், பழைய பட்டறைகளின் மிச்சச் சரக்கு, இந்த மூன்றும்தான் வழி. விற்பவருக்குத் தன் கையில் இருப்பது எந்தத் துப்பாக்கியின் மவுண்ட் என்றே பல சமயம் தெரியாது. அதனால் துப்பாக்கியின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி சரக்கு கண்ணில் படாது. செய்தவர் பெயரை வைத்துத் தேடுங்க: வீவர், ரெட்ஃபீல்ட், லைமன், கிரிஃபின் அண்ட் ஹோ, ஸ்டித். வீவர் பேஸ்களில் எண் இருக்கும். உதாரணமாக, மார்லின் 336-க்கு 63பி. அந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

இதில் ஸ்டித் தனி ரகம். டெக்சஸின் சான் அன்டோனியோவில் செய்தது. பழைய குறிகளுக்காக ஏற்கெனவே இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். புதுத் துளை வேண்டாம். துளை படாத பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைத்தான் வலைபோட்டுத் தேடுகிறார்கள். அதனால் விலையும் ஏறித்தான் இருக்கும்.

வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி: திருகுகள் எல்லாம் இருக்கா? வளையங்கள் ஒரே ஜோடியா? திருகு காணாமல் போனால் நீளம் தெரியாமல் மாற்றுத் திருகு போட வேண்டிவரும். அது நீளமாகப் போய்விட்டால் உள்ளே போல்ட்டில் உரசி லீவரே நகராது.

மாட்டிய பிறகு

வின்செஸ்டரிலும் மார்லினிலும் சுத்தியல் வெளியே இருக்கும். மேலே ஸ்கோப் வந்துவிட்டால் கட்டைவிரல் அதை ஒழுங்காகப் பிடிக்க முடியாது. சுத்தியலை மெதுவாக இறக்கும்போது விரல் வழுக்கினால் குண்டு பாய்ந்துவிடும். சுத்தியலில் பக்கவாட்டுக் கொம்பு ஒன்றைத் திருகிக்கொள்வது அழகுக்கு இல்லை, உயிருக்கு.

பக்க மவுண்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்கோப் குழலுக்கு 1 அங்குலம் இடப்பக்கம் இருக்கிறது, 100 கஜத்தில் குறி சேரும்படி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 கஜத்தில் குண்டு 1 அங்குலம் இடப்பக்கம் விலகிப்போகும். மானுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் தெரிந்து வைத்திருக்கணும்.

துளை போடலாமா?

யாரோ ஏற்கெனவே துளை போட்ட துப்பாக்கி என்றால் தயங்க வேண்டாம். அந்தத் துளைக்கு ஏற்ற மவுண்டைத் தேடுங்க. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பழைய துப்பாக்கி என்றால் டிரில்லைத் தள்ளி வையுங்க. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே கூடுதல் துளை இருக்கா என்றுதான். ஒன்று இருந்தாலே விலை நன்றாக இறங்கிவிடும். பணத்தை விடுங்க, தாத்தா தொட்டபடியே இருக்கிற பொருள் அது.

மவுண்ட் கிடைக்கவே இல்லையா? சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பீப் குறியைப் போட்டுப் பாருங்க. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பல வின்செஸ்டர் 94-களில் இதற்கான துளை இடப்பக்கம் ஏற்கெனவே இருக்கும். வயதான கண்ணுக்குச் சாதாரணக் குறியைவிட இது எவ்வளவோ தெளிவு. காடு அடர்ந்த இடத்தில் சுடும் தூரத்துக்கு நிறைய பேருக்கு அதுவே போதும்.