துள்ளும் அம்புக்குறி

குழந்தைகளே! மரக்காணம் உப்பளக் கரையில் விளையாடிவிட்டு, வியர்த்த கையோடு அக்காவின் மடிக்கணினியைத் தொடுகிறீர்கள். அம்புக்குறி தாறுமாறாகத் துள்ளுகிறது. 'வைரஸ்' என்று பயந்து கடைக்கு ஓடி, அப்பாவின் பணத்தைச் செலவழிக்காதீர்கள்!

மவுஸ் வேலையைச் செய்யும் டச்பேடின் அடியில், மெல்லிய மின்கடத்திகள் வலைபோல உள்ளன. விரல் பட்டால் அங்கே மின்புலம் மாறும். அதைக் கொண்டே விரல் இருக்குமிடத்தை அறிகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். வியர்வையும் உப்புநீர்தானே! அந்த ஈரத்தையும் விரலென்று எண்ணி டச்பேட் ஏமாறுகிறது.

என்ன செய்யலாம்? கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். நனைத்து நன்கு பிழிந்த துணியால் டச்பேடைத் துடையுங்கள். உப்பு தங்கினால், மழைக்கால உப்பு ஜாடிபோல மறுபடி ஈரம் இழுக்கும். கையும் டச்பேடும் உலர்ந்தபின் இயக்குங்கள். சார்ஜர் மாட்டும்போது மட்டும் துள்ளினால், கோளாறு சார்ஜரிலோ மின் இணைப்பிலோ இருக்கலாம். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இனி கை கழுவித் துடைத்த பிறகே தொடுவீர்கள், அல்லவா?