டோக்கியோவில் ஒரு தெருவாசி

உத்தியோக நிமித்தமாக டோக்கியோவில் குடியேறுகிற ஒருவருக்கு, 1 கோடியே 40 லட்சம் ஜனங்கள் வசிக்கும் அந்தப் பிரதேசத்தின் விஸ்தாரமும், நிமிஷம் தவறாத ரயில்களும், பாஷை புரியாத சங்கடமும் முதல் சில மாதங்களில் மலைப்பைத் தந்தாலும், நாளடைவில் அவையெல்லாம் பழகிப்போகின்றன. ஆயினும், பல வருஷங்கள் கழிந்த பிறகும் ஹோட்டலில் தங்கியிருப்பவர்களைப் போலவே காலந்தள்ளுகிறவர்கள் அங்கே அநேகர் உண்டு. மாநகரத்தோடு பரிச்சயம் செய்துகொள்ள எடுத்துக்கொண்ட பிரயத்தனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாம் குடியிருக்கும் தெருவுக்கு அவர்கள் செலவிடாததே அதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

குடியிருக்கும் இடத்தோடு முதலில் பரிச்சயம் கொள்ளும் வழியைத்தான் சட்டமும் காட்டுகிறது. நீண்ட காலம் தங்க வருகிறவருக்கு நரிட்டா அல்லது ஹனேடா விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதில் விலாசம் இராது. வீடு அமைந்த 14 நாட்களுக்குள், நகரின் 23 தனி வார்டுகளுள் தாம் குடிபுகுந்த வார்டின் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்து, அட்டையின் பின்புறத்தில் விலாசத்தைப் பதித்து வாங்கிக்கொண்ட பிறகுதான் வங்கிக் கணக்கு, தொலைபேசி முதலிய சௌகரியங்கள் ஒவ்வொன்றாகக் கைகூடும். கம்பெனி மூலம் காப்பீடு இல்லாதவர்கள் தேசிய ஆரோக்கியக் காப்பீட்டில் சேர வேண்டியதும் அதே அலுவலகத்தில்தான். சேர்ந்துவிட்டால் வைத்தியச் செலவில் பெரும்பாலோர் கையிலிருந்து கொடுப்பது பத்தில் மூன்று பங்கே.

வீடு கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல. முன்பணம் போதாதென்று, வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத காணிக்கையாக 'ரெய்கின்' என்ற ஒரு தொகை, தரகர் கூலி, ஜாமீன் நிற்கும் கம்பெனிக்குக் கட்டணம் என்று நான்கைந்து மாத வாடகை ஒரே நாளில் கரைந்துபோவதுண்டு. அந்நியருக்கு வீடு கொடுப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்; எவ்வளவு மரியாதையான குரலில் சொன்னாலும் அது மனத்தைப் புண்படுத்துவதே. 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்னையை ஒட்டிச் சென்ற நம் நாட்டுப் பொறியாளர்கள், எடோகாவா வார்டில் உள்ள நிஷி-கஸாய் என்ற பேட்டையில் திரளாகக் குடியேறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். யு.ஆர். என்னும் பொதுத்துறை வீட்டுவசதி ஸ்தாபனத்தின் அடுக்குமாடி வீடுகள் அங்கே ஏராளம். அவற்றுக்கு ஜாமீனும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். டோஸாய் ரயிலில் ஏறினால் காயாபாச்சோ, ஓட்டேமாச்சி ஆபீசுகளுக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். இன்று புளியும் பருப்பும் விற்கும் கடைகள் உள்ள அந்தப் பேட்டையில் தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன.

இனி, குப்பை. இந்த விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். எரிக்கத்தக்கவை எந்தக் கிழமை, காகிதமும் புட்டியும் டப்பாவும் எந்தக் கிழமை, எரிக்கத்தகாதவை மாதத்தில் எந்த நாட்கள் என்பதை நிர்ணயிக்கும் அட்டவணை வார்டுக்கு வார்டு, ஏன், பேட்டைக்குப் பேட்டை வேறுபடும். பானம் தீர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலை எறிய வேண்டுமானால், மூடியைக் கழற்றி, மேலே சுற்றியிருக்கும் லேபிளை உரித்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, நசுக்கித் தட்டையாக்கி, அதற்குரிய நாளில் அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பத்திரிகைகளை அடுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் கட்ட வேண்டும். உடைந்த நாற்காலிக்கோ, முன்கூட்டியே தொலைபேசியில் நாள் குறித்து, கடையில் வில்லை வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள், காக்கைகள் கிளறாதபடி வலைக்கு அடியில் வைக்கவேண்டிய பையை முறை தவறி வைத்தால், வண்டிக்காரர் அதன்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். பல தெருக்களில் வலையை மடித்து, அந்த இடத்தைப் பெருக்கும் வேலையைக் குடித்தனக்காரர்களே முறைவைத்துச் செய்கிறார்கள். ஆதலால் புதியவர் அஜாக்கிரதையாக வைத்த பை வந்து விழுவது, அந்த வாரம் முறை வந்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மாளின் தலையில். இது தெரியாதவருக்கு அட்டவணை வெறும் கெடுபிடியாகத் தோன்றும். தெரிந்தவரோ அலுவலகத்துக்காக அல்ல, அந்த அம்மாளுக்காகவே லேபிளை உரிப்பார்.

குடிவந்தவுடன் ஒரு சிறு துவாலையையோ மிட்டாய்ப் பெட்டியையோ எடுத்துக்கொண்டு இரு பக்கத்து வீடுகளுக்கும், மாடியானால் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சென்று தலை வணங்கி அறிமுகம் செய்துகொள்வது அவ்வூர்ச் சம்பிரதாயம். தனியாக வசிக்கும் இளைஞர்களிடையே இவ்வழக்கம் குறைந்து வருகிறதென்றாலும், குழந்தைகளோடு குடித்தனம் நடத்த வருகிறவர்கள் இதைக் கைவிடாதிருப்பது உத்தமம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் பேட்டைச் சங்கமும் அப்படித்தான்: சங்க அறிவிப்புகளைக் கோத்த அட்டை வீடு வீடாகச் சுற்றி வரும்போது, எழுத்துப் புரியாவிட்டாலும் அதைத் தேங்கவிடாமல் அடுத்த வீட்டாரிடம் நேரில் கொடுத்தால், நான்கு வார்த்தை பேசவாவது சந்தர்ப்பம் வாய்க்கும்.

இவ்வளவும் உபசாரத்துக்காக மட்டுமன்று. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நேர்ந்து, சுற்றுப்புறங்களையும் சேர்த்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பூகம்பத்தையும் தீயையும் கண்ட பிரதேசம் அது. எடோகாவா வார்டின் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதம் கடலின் உயர்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெருவெள்ளம் வருமானால் வார்டுக்குள் தங்காமல் வெளியேறிவிடுங்கள் என்று வார்டு நிர்வாகமே 2019-இல் வெளியிட்ட வெள்ள அபாயப் படத்தில் பட்டவர்த்தனமாக அறிவித்தது. பல பேட்டைகளில் மாலைதோறும் ஒலிபெருக்கியில் குழந்தைப் பாட்டின் மெட்டு கேட்பதும், ஆபத்துக் காலத்தில் அந்தக் கருவி இயங்குமா என்று சோதித்துப் பார்ப்பதற்கே. அத்தகைய காலத்தில் ஒலிக்கும் அவசர ஜப்பானிய மொழி புதியவருக்குப் புரியாமற்போகலாம். கதவைத் தட்டி, அடைக்கலத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும் என்று கையால் காட்டக் கூடியவர் அடுத்த வீட்டுக்காரர்தான். ஆகையால் செப்டம்பர் மாதத்தை ஒட்டிப் பேட்டைகளில் நடக்கும் ஒத்திகைக்கு மனைவி மக்களோடு போய்வருவது அவசியம். தீயணைக்கும் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதோடு, இந்த வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுள் ஒன்று கைக்குழந்தை என்ற விவரமும் சங்கத்தார் மனத்தில் அன்றைக்கே பதிந்துவிடும்.