மாற்றுச் சிறுநீரகத்தைச் சுற்றி நீர் கோத்தால்

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்டது 1971-இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். இன்று சிறு ஊர்க்காரர்கூட அதற்காக வேலூர் வரை போக வேண்டியதில்லை; சேலத்திலும் கோவையிலும் செய்கிறார்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் சிலருக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும், ஒரு கால் மட்டும் வீங்கும். "கிட்னி போச்சா?" என்று வீடே கலங்கிவிடும். கிட்னி நன்றாகவே இருக்கலாம். பக்கத்தில் தேங்கிய நீர் அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அது சரிசெய்யக்கூடிய கோளாறு.

எங்கிருந்து வருகிறது இந்த நீர்?

புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில், குடல் இருக்கும் அறைக்கு வெளியே வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களோடு இணைக்கிறார்கள். அந்தக் குழாய்களை ஒட்டியே நிணநீர் நாளங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று கசிந்தால், நிணநீர் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். இதைத்தான் டாக்டர்கள் 'லிம்ஃபோசீல்' என்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாட்களில் சேர்வது பெரும்பாலும் ரத்தம். சிறுநீர்க் கசிவும் சீக்கிரமே தெரிந்துவிடும். நிணநீர்தான் பிந்தி, வாரங்களோ மாதங்களோ கழித்து வரும்.

கவனிக்க வேண்டியவை

கிட்னி வைத்த பக்கத்துக் கால் வீங்குகிறதா? கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? சிறுநீர் குறைகிறதா, அல்லது அடிக்கடி முட்டிக்கொண்டு வருகிறதா? தையலுக்குப் பக்கத்தில் புடைத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்று செய்த மருத்துவமனைக்கு அன்றே போன் செய்யுங்கள். கால் வீக்கம் ரத்த உறைவாலும் வரலாம். காய்ச்சலும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம், காத்திருக்கவே கூடாது. மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபினாக் போன்றவை ஒற்றைச் சிறுநீரகத்தை நேராகவே பாதிக்கும். உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

நீர் இருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும். என்ன நீர் என்று அறிய, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் கிரியேட்டினின் ரத்தத்தில் உள்ள அளவே இருந்தால் நிணநீர். பல மடங்கு கூடுதலாக இருந்தால் சிறுநீர்.

துளை வழி ஆபரேஷன்

சிறிதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் ஸ்கேன் பார்த்தபடி விட்டுவிடலாம். பெரிதானால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய டியூப் போட்டு வடிப்பார்கள். வெறும் ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பல நேரம் திரும்பவும் சேர்ந்துவிடுகிறது.

அப்போதுதான் லேப்ராஸ்கோப்பி. மயக்கம் கொடுத்து, வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்து, நீர்ப்பைக்கும் வயிற்றறைக்கும் நடுவே உள்ள சவ்வில் ஒரு ஜன்னல் வெட்டுகிறார்கள். வயலில் தேங்கிய தண்ணீருக்கு வரப்பை வெட்டி விடுவது மாதிரிதான். வயிற்றறைக்குள் இறங்கும் நிணநீரை அங்குள்ள சவ்வு உறிஞ்சி உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். இந்த முறை 1990-களின் தொடக்கத்திலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது. பெரிய வெட்டு இல்லாததால் வலி குறைவு. சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் நிராகரிப்புத் தடுப்பு மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறவருக்குச் சிறு காயம் என்பதே பெரிய ஆதாயம்.

எல்லோருக்கும் இது ஆகாது. நீரில் சீழ் பிடித்திருந்தால் ஜன்னல் வெட்டக்கூடாது. தொற்று வயிறு முழுக்கப் பரவிவிடும். அதற்கு வெளியே வடிக்கும் டியூப்தான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயும் அருகிலேயே கிடப்பதால், மாற்று சிகிச்சையில் பழகிய கைகள் இதைச் செய்வதே நல்லது. வெட்டிய ஜன்னல் சிலருக்கு மூடிக்கொண்டு நீர் மறுபடி சேர்வதுண்டு. அதனால் கால் வீக்கம் முழுக்க வடிந்த பிறகும், டாக்டர் சொன்ன தேதிகளில் ஸ்கேனும் கிரியேட்டினின் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.