அழைப்பும் ஆயத்தமும்

சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் நீர் வந்துவிட்டால், திருக்கோவிலூர்ப் பகுதி உழவர் எவரும் நல்ல நாள் பார்த்து மடை திறப்பதில்லை. தம் முறை நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பர். நீருக்கு இத்துணை விழிப்பாயிருக்கும் நாம், இறைவனின் அழைப்புக்கு மட்டும் "அறுப்பு முடியட்டும், மகளின் திருமணம் முடியட்டும்" என்று தவணை கேட்பதேன்? பாவசங்கீர்த்தனம் பாஸ்கா வரை தள்ளிப்போகிறது. பங்காளியோடு கொண்ட பகையோ அவனது பாடையருகில்தான் முடிகிறது!

உடனே பணிவது என்றால் பதற்றப்படுவது என்று சிலர் எண்ணுகின்றனர். அது வேறு, இது வேறு. இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதனை நன்கு விளக்கும்.

அவர் 1651-ல் கோவாவில் பிறந்தவர். 1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். குருக்களுக்கு அடைக்கலம் தருவதும் குற்றமாயிற்று. மேய்ப்பரின்றித் தவித்த அம்மக்களின் நிலையைக் கேட்ட வாஸ் அடிகள், அங்குச் செல்ல விழைந்தார். ஆனால் 1681-ல் மேலதிகாரிகள் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். முணுமுணுப்பின்றிச் சென்று, அங்குள்ள சபையைச் சீர்ப்படுத்தினார். 1684-ல் கோவா திரும்பினார். 1686-ல் வழி திறந்தது. மறு யோசனையின்றிப் புறப்பட்டார்.

காத்திருந்த அவ்வாண்டுகளைத் தாமதம் என்று சொல்லலாமா? சொல்லலாகாது. அழைப்புக்காகத் தன்னைப் பண்படுத்தும் காத்திருப்பு ஒன்று. அழைத்த குரல் சலித்து ஓய்ந்துபோகும் என்று நம்பிக் காத்திருப்பது மற்றொன்று. குருமடம் செல்ல விரும்பும் மகனிடம், "முதலில் படிப்பை முடி" என்று கூறும் பெற்றோர், தாம் இவற்றுள் எதனைக் கருதிக் கூறுகின்றனர் என்பதை இறைவன் திருமுன் ஆய்ந்து பார்த்தல் நலம்.

குருவின் உடையில் இலங்கைக்குள் கால்வைக்க இயலாது. ஆகவே அடிகள் கூலியாளின் கோலம் பூண்டார், தமிழும் பயின்றார். ஜான் என்னும் பணியாள் ஒருவரே துணை. தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, புயலில் அலைப்புண்டு, 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் வலுவற்றிருந்தார்.

ஓரளவு தேறியதும், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று கவனிப்பதே அவர் நோக்கம். இப்போது அழைப்பு அக்குடும்பங்களின் வாசலில் நின்றது. ஒல்லாந்தரின் ஒற்றர்கள் எங்கும் இருந்தனர். பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசியிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அதனால் எவரும் குறை கூறப்போவதில்லை.

அவர்கள் கதவைத் திறந்தனர். சில்லாலை ஊரார் அவருக்கு இருப்பிடம் அளித்தனர். இரவு நேரங்களில், வீடுகளுக்குள் மறைவாகத் திருப்பலி நிகழ்ந்தது. 1689-ல் கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி ஒல்லாந்தர் வீடுகளுட் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தனர், அடிகளோ பிடிபடவில்லை. பின்னர்க் கண்டி சென்று, 1711 சனவரி 16-ல் இறக்கும் வரை அத்தீவிலேயே உழைத்தார். திருத்தந்தை பிரான்சிசு 2015 சனவரி 14-ல் கொழும்பு மாநகரில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று கதவு திறந்த அந்தக் குடும்பத்தலைவியரின் பெயர்கள் எப்பட்டியலிலும் இல்லை.