கல்லாப்பெட்டியும் சட்டமும்: பணியிடத் திருட்டின் பின்விளைவுகள்

சில்லறை வணிகம் நம்பிக்கையின் மேல் நடைபெறுவது. கடையின் உரிமையாளர் ஒவ்வொரு ரூபாயையும் தாமே எண்ணிக்கொண்டிருக்க இயலாது. கல்லாவையும் கிடங்கையும் பிறர் கையில் ஒப்படைத்தே ஆகவேண்டும். அந்த நம்பிக்கை மீறப்படும்போது சட்டம் என்ன செய்கிறது என்பதைக் கடைகளில் பணிபுரிவோரும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நலம். கடை நடத்தும் வாடிக்கையாளர்களுக்கும் இது தேவையான செய்தியே. “சிறு தொகைதானே” என்று ஊழியர் எண்ணுவதும், “நம் கடை விவகாரத்தை நாமே முடித்துக்கொள்வோம்” என்று உரிமையாளர் எண்ணுவதும் இருவரையுமே இன்னலில் ஆழ்த்தக்கூடும்.

எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டனை?

இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 303ஆம் பிரிவு பொதுவான திருட்டைப் பற்றியது. அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இப்பிரிவில் ஒரு புதிய சலுகை சேர்க்கப்பட்டுள்ளது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும், தண்டனை பெறுபவருக்கு அது முதல் குற்றமாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ அவர் திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவையே தண்டனையாகும்.

இந்தச் சலுகையைக் கேள்வியுற்ற பலர், அது கடை ஊழியருக்கும் பொருந்தும் என எண்ணிவிடுகின்றனர். ஊழியர் தம் முதலாளியின் வசமுள்ள பொருளைத் திருடுவதற்கு 306ஆம் பிரிவு தனியே உள்ளது. அதற்குரிய தண்டனை ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் ஆகும். 5,000 ரூபாய் வரம்பு பற்றிய சலுகை அப்பிரிவில் இல்லை. கடைக்கு வந்த ஒருவர் 500 ரூபாய்ப் பொருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும், அதே பொருளை அக்கடையின் ஊழியர் எடுத்துச்செல்வதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ஊழியர் விஷயத்தில் பொருளின் மதிப்போடு, உடைக்கப்பட்ட நம்பிக்கையும் எடைபோடப்படுகிறது.

அலமாரியில் உள்ள சரக்கை எடுப்பது திருட்டு. பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட பணத்தையோ சரக்கையோ தமதாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடி. எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளரிடம் பெற்ற 800 ரூபாயைக் காசாளர் கல்லாவில் சேர்க்காமல், பில்லை ரத்து செய்துவிட்டுத் தாமே வைத்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். இது 316ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்கீழ் வரக்கூடும். அதற்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஏமாற்றும் நோக்கத்துடன் கணக்கைத் திருத்தியதற்காக 344ஆம் பிரிவும் சேர்க்கப்படலாம். நண்பருக்காகச் சில பொருள்களைப் பில்லில் சேர்க்காமல் விட்டால், திருட்டுப் பொருள் என அறிந்தே அவற்றைப் பெற்றுக்கொண்ட நண்பரும் 317ஆம் பிரிவின்கீழ் குற்றவாளியாவார்.

கடையின் கியூஆர் அட்டைக்குப் பதிலாகத் தம் சொந்த அட்டையைக் காட்டிப் பணம் பெறுவதும் இவ்வகைக் குற்றமே. ஒவ்வொரு பரிவர்த்தனையும் நாள், நேரம், தொகை ஆகியவற்றுடன் வங்கிப் பதிவில் நிற்கும். விசாரணையின்போது சந்தேகத்துக்குரிய கணக்கை முடக்கும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. பணம் மனைவி, தம்பி, நண்பர் ஆகியோரின் கணக்கிற்குச் சென்றிருந்தால் அக்கணக்கும் முடங்க நேரிடும். பிறர் பணத்தை வாங்கி வைக்கத் தம் கணக்கை எவருக்கும் இரவல் தரலாகாது.

பிடிபட்ட முதல் சில மணி நேரம்

பெரும்பாலான சிக்கல்கள் இந்த நேரத்தில்தான் தொடங்குகின்றன. பின்னறையில் உட்கார வைத்து, கைப்பேசியைப் பறித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று மிரட்டுவது சட்டத்திற்குப் புறம்பானது.

பிணையில் விட முடியாததும், காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கதுமான குற்றம் தம் கண்ணெதிரே நடந்தால், பொதுமக்களில் எவரும் குற்றவாளியைப் பிடிக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இந்த உரிமையை அளிக்கிறது. பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி, ஆறு மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நேற்றைய கண்காணிப்புக் கேமரா பதிவை இன்று பார்த்து ஊழியரை அறைக்குள் அடைத்து வைக்க இப்பிரிவு இடந்தராது. அவ்வாறு அடைத்து வைத்தவர் முறையற்ற அடைப்புக் குற்றத்திற்கு ஆளாகலாம்.

மிரட்டியோ ஆசைகாட்டியோ அதிகாரத்தில் உள்ளவர் பெறும் ஒப்புதல் வாக்குமூலம் குற்ற வழக்கில் ஏற்கப்படாது என்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே வலிந்து எழுதி வாங்கிய கடிதம் உரிமையாளருக்கு உதவுவதைவிட அவர் வழக்கைப் பலவீனப்படுத்தவே கூடும். ஊழியரும் படித்துப் பாராமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது. குடும்பத்தாருக்கோ வழக்கறிஞருக்கோ தகவல் தருவதே முதல் செயலாக இருக்கட்டும்.

கைது கட்டாயமா?

புகார் பதிவானவுடன் கைது நடந்தே தீரும் என்பதில்லை. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்கான காரணத்தைக் காவல்துறை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். தேவையில்லை எனில், நேரில் வருமாறு அறிவிப்பு அனுப்பினால் போதும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அறிவிப்பைப் பெற்றவர் தவறாமல் நேரில் செல்லவேண்டும். செல்லாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். கைதானால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படவேண்டும்.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், வழக்குத் தொடரக் காலவரம்பும் இல்லை. வேலையை விட்டு நின்று சில ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பது ஒருவரைக் காப்பாற்றாது.

வெற்றுக் காசோலை வேண்டாம்

மகனோ மகளோ பிடிபட்ட செய்தி கேட்டு ஓடிவரும் பெற்றோர், அவமானத்திற்கு அஞ்சி வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுத் தருவதுண்டு. பின்னர் அதில் பெருந்தொகை நிரப்பப்பட்டு, காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் புதியதொரு வழக்கு பெற்றோர்மீதே வரும். ஒரு வழக்கைத் தவிர்க்கப் போய் இரண்டை வரவழைத்துக்கொள்வதாக அது முடியும்.

எடுத்த பணத்தைத் திருப்பித் தருவது தவறன்று, வரவேற்கத்தக்கதே. அதனை வங்கி வழியாகச் செலுத்தி, தொகையைக் குறிப்பிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பணத்தைத் திருப்பித் தருவதற்கு ஈடாகக் குற்ற வழக்கைக் கைவிடுவதாகச் செய்துகொள்ளும் தனிப்பட்ட உடன்பாட்டை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் செல்லாதது எனக் கூறுகிறது. சமரசத்திற்கு முறையான வழி உண்டு. ஊழியர் திருட்டையும் ஊழியரின் நம்பிக்கை மோசடியையும் நீதிமன்ற அனுமதியுடன், பொருளின் உரிமையாளர் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடிந்தால் அது விடுதலைக்குச் சமமாகும்.

வேலையும் வருங்காலமும்

குற்ற வழக்கும் நிறுவனத்தின் உள்விசாரணையும் தனித்தனிப் பாதைகள். நீதிமன்றத்தில் ஐயத்திற்கிடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். உள்விசாரணையில், நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி எனத் தெரிந்தாலே போதும். ஆகவே நீதிமன்றம் விடுவித்தாலும் வேலை தானாகத் திரும்பிவிடாது. எனினும் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கமளிக்க ஊழியருக்கு வாய்ப்பளிக்காமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது. இருப்புக் குறைவு மட்டுமே திருட்டுக்குச் சான்றாகாது. உடைந்த பொருள், பதிவுப் பிழை, குறைவாக வந்திறங்கிய சரக்கு ஆகியவையும் குறைவுக்குக் காரணமாகலாம்.

ஒழுக்கக்கேடான குற்றத்தைப் பணியின்போது புரிந்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டால், பணிக்கொடையை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ இழக்க நேரிடலாம். வருங்கால வைப்பு நிதியில் உள்ள தொகையை முதலாளி பிடித்தம் செய்ய இயலாது. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவரை வங்கிப் பணியில் அமர்த்த வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 800 ரூபாயை எடுத்த கை, பின்னாளில் இத்தனை கதவுகளும் மூடியிருக்கக் காணும்.

திருந்துவோர்க்கு வழி

ஆயினும் சட்டம் தண்டிப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டதன்று. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ், முன்பு தண்டனை பெறாதவரை எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையின் பேரிலோ நீதிமன்றம் விடுவிக்கலாம். 21 வயது நிரம்பாதவரைப் பொதுவாகச் சிறைக்கு அனுப்பலாகாது. அனுப்பினால் அதற்குரிய காரணத்தை நீதிமன்றம் பதிவு செய்யவேண்டும். இச்சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பினால் வேறு சட்டங்களின்கீழ் வரும் தகுதியிழப்பும் நேராது. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களும், காவலில் உள்ளோரும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். உதவி எண் 15100.

கடை உரிமையாளர் கவனத்திற்கு

கேமரா பதிவுகள் சில நாள்களில் தாமாக அழிந்துவிடும் என்பதால் அவற்றை உடனே பாதுகாக்கவும். அவற்றை மின்னணுச் சான்றாக அளிக்க உரிய சான்றிதழும் தேவைப்படும். கல்லா இருப்பையும் ரத்தான பில்களையும் நாள்தோறும் ஒத்துப்பார்க்கவும். பணம் பெற்றதை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டியையும், தம் கைப்பேசிக்கு வரும் வரவுச் செய்தியையும் பயன்படுத்தவும். பணத்தைப் பெறுபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் வெவ்வேறானவராக இருக்கட்டும். ஊழியர் நேர்மையின்மையால் விளையும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. இழப்பு தெரிந்தவுடன் நிறுவனத்திற்குத் தெரிவித்தல் அவற்றின் நிபந்தனை.

அன்றாடம் சரிபார்க்கப்படும் கல்லா உரிமையாளரின் பணத்தைக் காப்பதோடு, இளம் ஊழியர் ஒருவரை ஒருநாள் சபலத்திலிருந்தும் காக்கும்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்திற்கு மட்டுமே. குறிப்பிட்ட வழக்குகளில் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறவும்.)